இல்லாத கோப்பும் காணாத கோப்பும்

ஐங்குறுநூறு என்னும் தொகைநூல் ஐந்நூறு பாடல்களைக் கொண்டது என்பது அதன் பெயராலேயே விளங்கும். மருதத்திற்கு ஓரம்போகியார், நெய்தலுக்கு அம்மூவனார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார் எனப் புலவர் ஐவர் திணைக்கு நூறாகப் பாடியவற்றைப் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் தொகுத்தனர். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு பத்தும் தனிப்பெயர் பூண்டு நிற்கின்றது. ஆயினும், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1903-ஆம் ஆண்டில் இந்நூலை அச்சேற்றிய காலத்து, நெய்தலைச் சார்ந்த 129, 130 என்னும் எண்ணுடைய இரண்டு பாடல்கள் ஏடுகளிற் காணப்படவில்லை. இன்றளவும் அவை கிடைத்தில. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளமை ஒருபுறமிருக்க, ஐந்நூறு எனப் பெயர் பூண்ட நூலில் நம் கைக்கு எட்டுவன 498 பாடல்களே.

இவ்விரண்டு பாடல்களின் இன்மையே எம்மை ஒரு பெரும் பிழையில் வீழ்த்தியது. அஃது இலக்கியப் பிழையன்று; கணினிப் பிழை. ஒரு கோப்பைத் தேடிச்சென்ற நிரல், அக்கோப்பு இல்லையெனில் யாது செய்தல் வேண்டும் என்னும் வினா, பொறியியல் பயில்வோர்க்கே உரியதென்று தமிழ் மாணவர் ஒதுக்கிவிடத் தக்கதன்று என்பதை யாம் பட்டே அறிந்தோம். அறிந்ததனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் சிறப்பு வகுப்பில் யாம் மூவர் கூடி, ஐங்குறுநூற்றில் ‘தோழி’ என்னும் சொல் எத்திணையில் எத்துணை முறை பயின்று வருகின்றது என்று எண்ணிப் பார்க்க விழைந்தோம். கையால் எண்ணுதல் இயலாததன்று. எனினும், ஒருமுறை நிரல் எழுதிவைத்தால் பின்னர் எச்சொல்லையும் எளிதில் எண்ணலாம் அன்றோ? ஆதலின், பாடல் ஒன்றிற்கு ஒரு கோப்பாக அமைத்து, அதற்குப் பாட்டெண்ணையே பெயராக இட்டு, அவற்றைப் பத்தின் பெயருடைய கோப்புறையிலும், அப்பத்துக்களைத் திணையின் பெயருடைய கோப்புறையிலும் வைத்தோம். ‘நெய்தல்/தொண்டிப்பத்து/171’ என்றாற்போல ஒரு கோப்பிற்குச் செல்லும் வழியை வரிசையாகச் சொல்லுவதே பாதை எனப்படும். தெருவும் இலக்கமும் கூறி ஒருவர் இல்லத்தை அறிவிப்பது போன்றது அது. மருதமும் முல்லையும் ஒருவரும், குறிஞ்சியும் பாலையும் ஒருவரும், நெய்தலை மற்றொருவரும் தத்தம் கணினியில் அமைத்துக் கொணர்ந்து ஒன்றுசேர்த்தனர். பாடல்களின் எழுத்து ஒரே மூலத்தினின்று பெயர்க்கப்பட்டது. கோப்புறைகளின் பெயர்கள் மட்டுமே கையால் தட்டப்பட்டன. இதனை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும்.

நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினோம். 129, 130 ஆகிய பாடல்கள் இல்லை என்பது எமக்கு முன்னரே தெரியும். அவற்றின் பாதையைத் திறக்கப் புகின் நிரல் பிழை கூறி நின்றுவிடும் என்பதும் தெரியும். ஆகவே, மிகுந்த முன்யோசனையோடு, ‘இப்பாதையிற் கோப்பு இருக்கின்றதா? இருப்பின் திறந்து எண்ணுக. இன்றேல் வாளா அடுத்ததற்குச் செல்க’ என்று எழுதிவைத்தோம். நிரல் ஒரு நொடியில் ஓடி முடிந்தது. பிழை ஒன்றும் கூறவில்லை. அட்டவணை அழகாக வந்தது. அதனைக்கொண்டு, ‘ஏனைத் திணைகளை நோக்க, நெய்தலில் தோழியை விளித்தல் அருகியே வரும்’ என்று ஒரு முடிவும் கண்டு, அதற்குரிய காரணங்களையும் இரண்டு பக்க அளவில் எழுதித் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் படித்தோம்.

படித்து முடித்தவுடன், பின்வரிசையில் அமர்ந்திருந்த எம் பேராசிரியர், “தம்பி, நெய்தலில் தோழிக்குரைத்த பத்தை உங்கள் கணினி படித்ததா?” என்று வினவினார். “படித்தது, ஐயா” என்றோம். “அப்பத்தின் பாட்டுத்தோறும் தலைவி தோழியை அழைத்தன்றோ பேசுகின்றாள்?” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. கூறவேண்டியதும் இல்லை. 111 முதல் 120 வரையுள்ள பாடல்களைப் புத்தகத்தில் ஒருமுறை புரட்டியிருந்தாலும் அம்முடிவை யாம் எழுதியிரோம்.

அன்று மாலையே நிரலைத் திறந்து, ஒவ்வொரு திணையிலும் படித்த கோப்புகள் எத்தனை என்று சொல்லுமாறு ஒரு வரி சேர்த்தோம். மருதம் 100, குறிஞ்சி 100, பாலை 100, முல்லை 100 என வந்தன. நெய்தல் 98 என்று வருதல் வேண்டும். 78 என்று வந்தது. தோழிக்குரைத்த பத்து முழுவதும், தொண்டிப்பத்து முழுவதும் ஆக 20 பாடல்களை நிரல் ‘இல்லை’ என்று தள்ளிவிட்டுச் சென்றிருந்தது. அவை கோப்புறையில் எம் கண்ணெதிரே இருந்தன. இரண்டு பாடல்களின் இன்மையைப் பொறுத்துக்கொள்ளுமாறு யாம் கொடுத்த இசைவினை, நிரல் இருபத்திரண்டு பாடல்களுக்கும் பயன்படுத்திக்கொண்டது. குற்றம் நிரலினுடையதன்று.

நிற்க. ‘இருக்கின்றதா?’ என்னும் வினாவில் என்ன குறை? நன்னூலார் விடை எண்வகைப்படும் என்பர். அவற்றுள் நேர்விடையும் மறைவிடையும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் அளவில் நிற்பன. உற்றதுரைத்தல் என்பது வேறு. ‘ஆடுவாயா?’ என்று கேட்டார்க்குக் ‘கால் வலித்தது’ என்பது அதற்கு உரையாசிரியர் முறையில் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அவ்விடையில் மறுப்பும் உண்டு. மறுப்பின் காரணமும் உண்டு. பைத்தானில் ‘எக்சிஸ்ட்ஸ்’ என்னும் செயற்கூறு கோப்பு உண்டா என்று கேட்பது. அஃது அறிந்தது நேரும் மறையுமே. ‘ஓபன்’ என்னும் செயற்கூறு கோப்பைத் திறப்பது. திறக்க இயலாதவிடத்து அது உற்றதனை உரைக்கும்.

இஃது உவமை அளவில் நிற்பதன்று. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் கோப்பைத் திறக்க இயலாமைக்குரிய காரணங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. 2 என்பது அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை என்பதற்கும், 13 என்பது இசைவு மறுக்கப்பட்டது என்பதற்கும், 20 என்பது வழியில் கோப்புறையாக இருக்கவேண்டிய ஒன்று கோப்புறையன்று என்பதற்கும் உரியவை. ‘எக்சிஸ்ட்ஸ்’ உள்ளே இயக்குதளத்தை வினவுங்கால் இவற்றுள் எவ்வெண் விடையாக வரினும், அதனைத் தானே விழுங்கிக்கொண்டு நமக்கு ‘இல்லை’ என்ற ஒரே சொல்லைத் தருகின்றது. பூட்டிய அறைக்குள் நூல் இருப்பினும் ‘இல்லை’; அந்நூல் உண்மையில் இல்லாவிடினும் ‘இல்லை’. ‘அறியேன்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்பவனை நாம் நம்புவதுண்டோ? மற்றொருபுறம், கோப்பு இருந்து அதனைப் படிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லாதபோது ‘எக்சிஸ்ட்ஸ்’ ‘ஆம்’ என்றே சொல்லும். அதனை நம்பித் திறக்கச் செல்வோர் 13-ஆம் பிழையில் முட்டிக்கொள்வர்.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.3 பதிப்பு முதல் இக்காரணங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் அமைந்துள்ளன. இல்லாத கோப்பிற்கு ‘பைல்நாட்பவுண்ட்எரர்’, இசைவின்மைக்குப் ‘பெர்மிஷன்எரர்’, வழியிடை நின்றது கோப்புறையன்மைக்கு ‘நாட்ஏடைரக்டரிஎரர்’. இவையெல்லாம் ‘ஓஎஸ்எரர்’ என்னும் ஒரு குடும்பத்தின. அதற்கு முன்னர், பொதுப்பிழை ஒன்றைப் பிடித்து, அதனுள் இருக்கும் எண் 2 தானா என்று நாமே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. இப்பொழுது அவ்வருத்தம் இல்லை. கோப்பைத் திறக்கும் வரியை ‘ட்ரை’ என்பதன்கீழ் வைத்து, ‘எக்செப்ட்’ என்பதன்கீழ்ப் ‘பைல்நாட்பவுண்ட்எரர்’ என்று பெயர் குறித்து, அது நேர்ந்தபோது செய்யவேண்டுவதனை எழுதலாம். பெயர் குறியாது வெறும் ‘எக்செப்ட்’ எழுதி அதன்கீழ்ப் ‘பாஸ்’ என்று விடுவோரும் உளர். அஃது எம் பழைய நிரலினும் கொடிது. கோப்பின்மை மட்டுமன்றி, நம் நிரலில் ஒரு பெயரைப் பிழைபடத் தட்டியிருப்பினும் அதனையும் அது மறைத்துவிடும்.

வினவிப் பின் திறத்தலில் மற்றொரு குறையும் உண்டு. வினவுதற்கும் திறத்தற்கும் இடையே காலம் செல்கின்றது. அது நொடியின் மிகச்சிறு கூறாயினும், அதற்குள் வேறொரு நிரல் அக்கோப்பை நீக்கலாம், பெயர் மாற்றலாம், அதன் இடத்தில் வேறொன்றை வைக்கலாம். ‘வீட்டில் இருக்கின்றார்’ என்று கேட்டறிந்து சென்றவன் படியேறுமுன் அவர் புறப்பட்டுவிடலாம் அன்றோ? மாட் பிஷப், மைக்கேல் டில்ஜர் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டில் இவ்விடைவெளியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிறர் கோப்புகளில் கைவைக்கும் உரிமை பெற்ற நிரல்களை ஏமாற்றுவோர்க்கு இவ்விடைவெளியே வாயிலாகின்றது. எம்மைப் போன்றார்க்கு அத்தகைய பகைவர் இலர்; ஆயினும் பொதுக் கோப்புறை ஒன்றில் மூவர் வேலை செய்யுங்கால், ஒருவர் நிரலை ஓட்ட, மற்றவர் கோப்புறையின் பெயரைத் திருத்துவது நாள்தோறும் நிகழ்வதே.

ஆகவே, வினவாது திறத்தலே தக்கது. புதிய கோப்பு ஆக்குமிடத்தும் இதுவே முறை. ‘ஏற்கெனவே இருக்கின்றதா?’ என்று பார்த்துப் பின் எழுதுவதனினும், ‘எக்ஸ்’ என்னும் திறப்பு முறையைக் குறித்தால், கோப்பு முன்னரே இருப்பின் இயக்குதளமே மறுத்துவிடும். பார்த்தலும் ஆக்கலும் ஒரே செயலாக முடிகின்றன. நீக்குமிடத்தும், பைத்தான் 3.8 முதல், ‘இல்லாவிடினும் குற்றமில்லை’ என்று சொல்லிவைத்தே நீக்கலாம். இவற்றை விரிப்பின் பெருகும்.

எனினும், முன்னர் வினவுதல் ஒருபோதும் ஆகாது என்பது எம் கருத்தன்று. மூன்று மணிநேரம் ஓடவேண்டிய நிரல் ஒன்று, கடைசிக் கோப்பு இல்லையென்று மூன்றாம் மணிநேரத்தில் நின்றுபோவதனினும், தொடக்கத்திலேயே எல்லாப் பாதைகளையும் ஒருமுறை பார்த்து, இல்லாதன யாவற்றையும் ஒரே பட்டியலாகச் சொல்லிவிடுதல் நன்று. அப்பட்டியல் நமக்கு அறிவிப்பேயன்றி உறுதியன்று. திறக்குமிடத்துப் பிழையை ஏற்றுக்கொள்ளும் வரியை அதன்பொருட்டு நீக்கிவிடலாகாது.

இனி, எம் இருபது பாடல்கள் காணாமற்போன காரணத்தைக் கூறுவோம். இது தமிழ் எழுத்திற்கே உரியதாகையால் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும்.

‘தொ’ என்னும் எழுத்தை நாம் எழுதுங்கால் ஒற்றைக்கொம்பு இட்டு, தகரம் எழுதி, கால் இடுகின்றோம். யூனிகோடு முறையில் இவ்வொகரக் குறியைக் குறிக்க இரண்டு வழிகள் உள. 3018 என்னும் ஒரே எண்ணால் அதனைக் குறிக்கலாம்; அல்லது ஒற்றைக்கொம்பிற்குரிய 3014, காலுக்குரிய 3006 என்னும் இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தும் குறிக்கலாம். அவ்வாறே ‘தோ’ என்பதன் ஓகாரக் குறி 3019 என்றும் வரலாம். 3015, 3006 என்று இரண்டாயும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். யூனிகோடு இலக்கணமும் இவ்விரண்டும் ஒரே எழுத்தே என்று விதிக்கின்றது. ஆனால் லினக்ஸில் வழங்கும் பெரும்பான்மைக் கோப்பு முறைகள் பெயரை எழுத்தாக நோக்குவதில்லை. பைட்டுகளின் வரிசையாகவே நோக்குகின்றன. பைட்டு வேறுபடின் பெயர் வேறு. மேக் கணினிகளில் முன்னர் வழங்கிய எச்.எப்.எஸ். பிளஸ் என்னும் முறை எப்பெயரையும் தானே பிரித்த வடிவில் மாற்றி வைத்துக்கொண்டது என்பதனையும் ஈண்டு சொல்லுதல் தகும். அங்கிருந்து பெயர்த்த கோப்புறைகள் லினக்ஸிற்கு வந்தபின் இத்தகைய தொல்லை பலர்க்கும் நேர்ந்ததுண்டு.

நெய்தலை அமைத்த எம் தோழரது விசைப்பலகையில் கொம்பு ஒரு விசை. கால் ஒரு விசை. அவர் இட்ட பெயர்கள் பிரித்த வடிவின. நிரலில் பத்துக்களின் பெயர்ப்பட்டியலைத் தட்டியவர் வேறொரு பலகையினர். அவர் தட்டியவை சேர்ந்த வடிவின. நெய்தலின் பத்துப் பெயர்களுள் ஒகரமோ ஓகாரமோ பெற்றவை தோழிக்குரைத்த பத்து, தொண்டிப்பத்து என்னும் இரண்டே. ஞாழற்பத்து, வளைப்பத்து முதலிய ஏனை எட்டிற்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. மருதத்திலும் தோழிக்குரைத்த பத்து என்று ஒன்று உண்டு. அதனை அமைத்தவரும் பட்டியலைத் தட்டியவரும் ஒருவரேயாதலின் அது தப்பியது. ஒரு காலெழுத்து எம் முடிவையே தலைகீழாக்கியதை நினைக்குங்கால் இன்றும் வியப்பாகவே உள்ளது.

இதனைக் கண்டுபிடிக்க எமக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிழைச்செய்தியில் வந்த பாதையையும் கோப்புறையின் பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்தோம், ஒன்றாகவே இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தோம்; அப்பொழுதும் அவ்வாறே. இறுதியில், பைத்தானில் ‘ஆஸ்கி’ என்னும் செயற்கூற்றின் வழியே இரண்டையும் எண்வடிவில் அச்சிட்டபோதே, ஒன்று மற்றொன்றினும் நீண்டிருப்பது தெரிந்தது. அதன்பின் மாற்று எளிது. ‘யூனிகோடுடேட்டா’ என்னும் தொகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ என்பதனைக் கொண்டு, என்.எப்.சி. எனப்படும் சேர்ந்த வடிவிற்குக் கோப்புறைப் பெயர்களை ஒருமுறையாக மாற்றியமைத்தோம். நிரலில் வரும் பாதைகளையும் அவ்வடிவிலேயே கொணர்ந்தோம்.

தமிழிற் பெயரிடுவோர்க்கு மற்றொரு செய்தியும் பயன்படும். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 என்னும் முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றிற்கு மூன்று. ஆகவே, தமிழ்ப்பெயர் 85 குறிகளுக்கு மேற்செல்லாது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளேயாதலால், பாட்டின் முதலடியையே கோப்பிற்குப் பெயராக இட விரும்புவோர் எண்ணிப் பார்த்தே இடவேண்டும்.

தமிழெழுத்தைச் சாராத காரணங்கள் பலவாயினும், அவற்றுள் நாம் அடிக்கடி காண்பன சிலவே. தலையானது, பாதை எவ்விடத்தினின்று தொடங்குகின்றது என்பதை மறத்தல். ‘நெய்தல்/தொண்டிப்பத்து/171’ என்னும் பாதை, நிரல் எழுதப்பட்டுள்ள கோப்புறையினின்று எண்ணப்படுவதன்று. நிரலை ஓட்டுவோன் அப்பொழுது நிற்கும் கோப்புறையினின்று எண்ணப்படுவது. ஒருவர் இல்லத்திலிருந்து ‘இடப்புறம் மூன்றாவது தெரு’ என்றால் ஓரிடம். புகைவண்டி நிலையத்திலிருந்து என்றால் வேறிடம். ஆதலின், நிரலின் சொந்த இருப்பிடத்தை அறிந்து அதனோடு சேர்த்து முழுப்பாதையாக்கிக் கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, பாதைகளை ஒரு பட்டியற் கோப்பினின்று படிக்குங்கால், வரியின் இறுதியிலுள்ள கண்ணுக்குத் தெரியாக் குறியும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருதல். விண்டோஸில் எழுதிய பட்டியலை லினக்ஸில் படிப்போர்க்கு இது தவறாது நேரும். இன்னும், பெயரின் ஈற்றுப்பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால், ‘டிஎக்ஸ்டி’ என்னும் ஒட்டு இருமுறை சேர்ந்திருப்பதை அறியாதிருப்போரும் பலர்.

‘இல்லை’ என்னும் செய்தி நாம் எதிர்பாராத பொருளைச் சுட்டும் இடங்களும் உண்டு. புதிய கோப்பு ஒன்றை எழுதப் புகும்போதே ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்று விடை வரும். இல்லாததைத்தானே ஆக்குகின்றோம் என்று மாணவர் மயங்குவர். இல்லாதது கோப்பன்று, அதனை வைக்கவேண்டிய கோப்புறை. மற்றோரிடத்தில், கண்ணெதிரே இருக்கும் நிரலையே ஓட்டும்போது ‘இல்லை’ என்று வரும். அங்கே இல்லாதது, அந்நிரலின் முதல்வரியிற் குறித்த, அதனை ஓட்டவேண்டிய மொழிபெயர்ப்பி. வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்புக் கோப்பு இருந்து, சுட்டப்பட்ட கோப்பு மறைந்திருப்பினும் இச்செய்தியே வரும். எனவே பிழையைப் பதிவு செய்யுங்கால், திறக்க முயன்ற முழுப்பாதையையும் மேற்கோட்குறிக்குள் வைத்து எழுதவேண்டும். ‘கோப்பு இல்லை’ என்று மட்டும் எழுதுவோர், பின்னர்த் தாமே அதனைப் படித்து வருந்துவர்.

பைத்தான் பிழையைக் கண்டவிடத்து நிற்பது. பேஷ் முதலிய ஷெல் மொழிகள் அத்தகையன அல்ல. ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததற்குச் சென்றுவிடுவதே அவற்றின் இயல்பு. இதனால் விளைந்த கேட்டிற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வால்வு நிறுவனத்தாரின் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் நிரலில் ஒரு குறை வெளிப்பட்டது. அந்நிரல் தான் இருக்கும் கோப்புறைக்குள் ‘சிடி’ கட்டளையாற் சென்று, அப்பாதையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள முயலும். பின்னர் ஓரிடத்தில், அம்மாறியிலுள்ள பாதையையடுத்து ஒரு சாய்கோடும் உடுக்குறியும் இட்டு, அதன்கீழுள்ள யாவற்றையும் நீக்குக என்று எழுதப்பட்டிருந்தது. கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றியிருந்த ஒருவரது கணினியில் முதற்செயல் தோற்றது, மாறி வெற்றிடமாயிற்று. வெற்றிடத்தை அடுத்து நிற்கும் சாய்கோடு, கணினியின் வேர்க்கோப்புறையையே குறிக்கும். அவர் நீக்குதற்குரிமை பெற்ற கோப்புகள் யாவும் அழிந்தன. காப்புப்படி வைத்திருந்த புறவட்டும் தப்பவில்லை. அவ்வரியின் மேல் நிரலாசிரியர் ‘அச்சந் தருவது’ என்னும் பொருள்பட ஒரு குறிப்பும் எழுதியிருந்தார் என்பதே இதில் எமக்கு மிகவும் இரங்கத்தக்கதாகத் தோன்றுகின்றது. அச்சத்தை எழுதிய கை, அடுத்த வரியில் ‘மாறி வெற்றிடமா?’ என்று ஒரு வினாவை எழுதவில்லை.

ஷெல் நிரல் எழுதுவோர், ‘சிடி’ கட்டளையை அடுத்து, அது தோற்றால் வெளியேறுக என்னும் கூற்றைச் சேர்த்தெழுதுதல் வேண்டும். மாறியின் பெயரையடுத்து முக்காற்புள்ளியும் வினாக்குறியும் இட்டால், அது வெற்றிடமாயின் நிரல் அங்கேயே நின்றுவிடும். ‘செட்’ கட்டளையோடு ‘யு’ என்னும் குறியைச் சேர்த்தாற் போதும் என்பர் சிலர்; அது மதிப்பே பெறாத மாறியைத்தான் தடுக்கும், வெற்று மதிப்புப் பெற்ற மாறியைத் தடுக்காது. மேலும், பேஷில் உடுக்குறி இட்டுக் கோப்புகளை அழைக்குங்கால் ஒன்றும் அகப்படாவிடின், அவ்வுடுக்குறியே ஒரு கோப்பின் பெயராகக் கொள்ளப்படும். பின்னர் ‘உடுக்குறி என்னும் கோப்பு இல்லை’ என்று வரும் செய்தியைக் கண்டு புதியவர் திகைப்பர்.

எம் நிரலுக்கு மீள்வோம். இப்பொழுது அது ‘இருக்கின்றதா?’ என்று எக்கோப்பையும் வினவுவதில்லை. 129, 130 என்னும் இரண்டெண்களை மட்டும் ‘மறைந்த பாடல்கள்’ என்று ஒரு பட்டியலில் தனியே வைத்துள்ளோம். ஏனைய ஒவ்வொன்றையும் திறக்கின்றது. கோப்பின்மைப் பிழை வந்து, அவ்வெண் பட்டியலில் இருப்பின் அமைகின்றது. இல்லையாயின் முழுப்பாதையையும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் முடித்தபின் அக்குறிப்புகளை ஒருங்கே கூறி, அட்டவணை தராமலே நின்றுவிடுகின்றது. கோப்பின்மை அல்லாத வேறு பிழை எதுவரினும் அவ்விடத்தே நிற்கின்றது. படித்தவை 498 ஆகாவிடினும் அட்டவணை இல்லை.

இதன் மறுதலையையும் சேர்த்தோம். 129 அல்லது 130 திறக்கப்படுமாயின் அதுவும் பிழையே என்று எழுதினோம். வேண்டாத வேலை என்று எம் தோழர் ஒருவர் நகைத்தார். முதல்முறை ஓட்டியபோதே அவ்வரி பயன் தந்தது: வரிசை விடுபடாதிருக்கட்டும் என்று, நெய்தலை அமைத்தவர் பின்னர் 130 என்னும் பெயரில் வெற்றுக்கோப்பு ஒன்றை வைத்திருந்தார். உள்ளே ஓரெழுத்தும் இல்லை. ‘இருக்கின்றதா?’ என்று பழைய நிரல் வினவியிருப்பின், ‘ஆம்’ என்றே விடை வந்திருக்கும்.

திருத்திய அட்டவணையில், தோழியை விளித்தல் நெய்தலில் அருகி வரும் என்ற எம் கூற்று நிலைபெறவில்லை. அதனை அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று மீளப்பெற்றோம். புறநானூற்றில் 267, 268 ஆகியனவும், நற்றிணையில் 234-ஆம் பாட்டும், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காதன ஆதலால், அந்நூல்களுக்கும் இவ்வகைப் பட்டியல் ஒவ்வொன்று அமைத்து வருகின்றோம். நிரலைக் காண விரும்பும் மாணவர் தமிழ்த்துறை நூலகத்தில் எம்மைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.